வெளிநோக்கித் திறக்கும் கதவு

வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களைப் பிரித்தெடுத்து, 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. அதன் தென்மேற்கு எல்லைப்புறத்தில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் செவிப்படும் வட்டாரத்தில் இருப்பது இராமகுப்பம். அருகிலுள்ள குப்பத்தின் வழியே செல்லும் இருப்புப்பாதை சென்னையையும் பெங்களூரையும் இணைப்பது. ஆதலின் பிழைப்பை நாடி வெளியூர் செல்வது இவ்வட்டார மக்களுக்குப் புதிதன்று. நேயர்களுள் பலரும் அவ்வாறே ஊர் விட்டு வந்து உழைப்பவர்கள். எனவே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவர்களுக்கு அயலானதாகாது.

சித்தூர் மாவட்டம் தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பு, அதே 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் சனிக்கிழமை மாலை, நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்னும் சட்டை தைக்கும் தொழிலகத்தில் தீப் பிடித்தது. எட்டாம் மாடியில் மூண்ட நெருப்பு மேல் மாடிகளுக்குத் தாவிற்று. ஒன்பதாம் மாடியில் இருந்தோர் ஒரு படிக்கட்டை நோக்கி ஓடினர். அதன் கதவு பூட்டிக் கிடந்தது. வேலை செய்வோர் துணியைத் திருடிச் சென்றுவிடலாகாது என்பதே அப்பூட்டின் நோக்கம். தீயணைப்போரின் ஏணியோ ஆறாம் மாடியளவே எட்டிற்று. 146 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த இளம் பெண்கள். வீதியில் நின்று அக்கொடுமையைக் கண்ட பிரான்செஸ் பெர்க்கின்ஸ் அம்மையார், 1933-இல் அமெரிக்க நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அத்தீயின் பின்னரே அங்குத் தொழிற்சாலைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன.

நம் நாட்டுச் சட்டத்தின் வரலாறு யாது? முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. விசை கொண்டு இயங்கி, நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்த ஆலைகளையே அது கருதிற்று. 1891-இல் அவ்வெண் ஐம்பதாயிற்று, 1922-இல் இருபதாயிற்று. விடுதலைக்குப் பின் 1948-இல் வந்த சட்டம் அதனைப் பத்தாகக் குறைத்தது. எண் குறையக் குறைய, சட்டத்தின் நிழல் சிறிய பட்டறைகளின் மேலும் படிந்தது.

அந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு கதவைப் பற்றியும் பேசிற்று. அறையினுள் ஓர் ஆள் இருக்குங்காறும் கதவைப் பூட்டலாகாது. தள்ளுகதவு அல்லாதன வெளிநோக்கித் திறக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சட்டங்களைத் தமிழாக்கும் பணியில் இத்தகைய வாசகங்களை நாம் உணர்ச்சியின்றி எழுதிக் கடந்துவிடுகிறோம். ஆயின் கதவு உள்நோக்கித் திறப்பதாயின் நேர்வது என்ன? அஞ்சி ஓடிவரும் கூட்டமே அதனை அழுத்தி மூடிவிடும். அவ்வாறு நெருக்குண்டு மடிந்தவர்களின் துயரமே ஒரு வரியாகச் சட்டத்தில் நிற்கிறது.

சிவகாசியின் வரலாறு நாம் அறிந்ததே. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். வறண்ட மண்ணில் வாடிய மக்களுக்கு அத்தொழில் சோறிட்டது; பின்னர்ப் பட்டாசும் அதனோடு சேர்ந்தது. பட்டாசு மருந்து உராய்வைப் பொறாதது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டு உப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும். முந்திய நாள் மிஞ்சிய கலவையை மறுநாள் தொடுவது பேராபத்தாவது இதனாலேயாம். ஆகவே, கொட்டகைக்குச் சிலரே இருத்தல் வேண்டும், கொட்டகைகளுக்கிடையே வெளி விடுதல் வேண்டும் என்று விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றைப் பேணாமையின் விலையை 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் கண்டோம். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தப்பட்டிருந்தும் ஆலையில் வேலை நடந்ததாகச் செய்திகள் கூறின. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவ ஓடிவந்த அயலாரும் அவர்களுள் இருந்தனர்.

பிற ஆசிய நாடுகளிலும் இதே கதைதான். 1993 மே 10-ஆம் நாள் தாய்லாந்தின் கேடர் பொம்மை ஆலையில் 188 பேர் மடிந்தனர். அங்கும் கதவுகள் பூட்டியிருந்தன. 2012 நவம்பர் 24-ஆம் நாள் டாக்காவை அடுத்த தாஸ்ரீன் தையலாலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அபாயமணி ஒலித்த பின்னும், வேலைக்குத் திரும்புமாறு மேலாளர் பணித்தனர் எனத் தப்பியோர் உரைத்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் கராச்சியில் ஓர் ஆடையாலை எரிந்து 250-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2020-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீ வைத்தவர் யாராயினும், உள்ளிருந்தோரை வெளிவர ஒட்டாது தடுத்தவை கம்பியிட்ட சாளரங்களும் அடைத்த வாயில்களுமே. நெருப்பு மூளும் காரணங்கள் பல. மனிதர் மடியும் காரணம் பெரும்பாலும் ஒன்றே.

புலம்பெயர்ந்து உழைப்போர்க்கு இவ்விடர் இருமடங்கு. வேலை செய்யும் இடமே பலருக்கு உறங்கும் இடம். 2019 டிசம்பர் 8-ஆம் நாள் விடியலில் டில்லி அனாஜ் மண்டியில் பட்டறைகள் நிறைந்த ஒரு கட்டடம் எரிந்தபோது மடிந்த 43 பேரும், பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்து அங்கேயே உறங்கிய கூலிகள். 2023 அக்டோபர் 7-ஆம் நாள், தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடகத்து அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசு இறக்குகையில் கிடங்கு தீப்பற்றியது. 14 பேர் அன்றே மாண்டனர். மாண்டவர்களிற் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர். தீபாவளிக் காலத்தில் சில நாட் கூலிக்காக வந்த மாணவரும் அவர்களுள் இருந்தனர். அத்தகைய பிள்ளைகளின் பெயர் எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருக்கப் போகிறது?

இந்நிலையில், 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, விசை கொண்டு இயங்கும் தொழிற்சாலைக்குரிய எண்ணைப் பத்திலிருந்து மீண்டும் இருபதாக்கியது. 1881 முதல் இறங்கிவந்த எண் முதன்முறையாக ஏறியது. சிறுதொழில் வளர இஃது உதவும் என்பர் சிலர். ஆயினும் எட்டுப் பேர் உழைக்கும் அறையிலும் நெருப்பின் வெம்மை குறைவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மாற்றம் இயலாத ஒன்றன்று. டாக்காவில் 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்ட பின், ஆடை வாங்கும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன. கண்ட குறைகள் ஊரறிய வெளியிடப்பட்டன. அடைத்த வாயில்கள் பல திறக்கப்பட்டன. சோதனையும், அதன் முடிவை மறையாமையும் சேர்ந்தவிடத்துக் கதவு திறந்தது.

ஆகவே, வெளிமாநிலத்தில் புதிதாக ஒரு வேலையில் சேரும் தமிழர், கூலி எவ்வளவு என்று கேட்குமுன் வெளியேறும் வழி எங்கே என்று பார்ப்பாராக. அவ்வழி பூட்டியிருப்பின், திறக்குமாறு ஒருவராகக் கேளாது, பலராகக் கேட்பாராக. ஒரு பூட்டைத் திறக்க இன்னுமோர் 146 உயிர் வேண்டியதில்லை.