லேசர் பார்வைத் திருத்தம்: கருவிகளின் நுட்பம்

மூக்குக் கண்ணாடியின் தேவையை நீக்கும்பொருட்டுக் கருவிழிப் படலத்தின் வளைவையே மாற்றியமைக்கும் இச்சிகிச்சை, அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள திசுவில் மைக்ரான் கணக்கில் நிகழவேண்டியிருத்தலால், இதன் சரித்திரம் பெரும்பாலும் கருவிகளின் சரித்திரமாகவே அமைந்துவிட்டது. ஸ்பெயினிற் பிறந்து பொகோட்டாவிற் குடியேறிய ஹோசே இக்னாசியோ பராக்கர், 1949-இல் இக்கருத்தை வெளியிட்டு, பிற்பாடு படலத்தின் மெல்லிய சீவலை மைக்ரோகெரட்டோம் என்னும் கத்தியால் எடுத்து, உறையவைத்துக் கடைசல் யந்திரத்திற் செதுக்கி மீண்டும் பொருத்தினார்.

சென்னையில் 1929-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்திற் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மீது 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரைச் செலுத்தியபோது, அயலிடம் கருகாமலே திசு செதுக்குண்டது. அப்புறஊதாக் கதிர் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடுதலால், வெப்பம் பரவ அவகாசமில்லை. ஒரு துடிப்புக்கு நீங்குவது ஏறத்தாழக் கால் மைக்ரான். கண் மருத்துவர் ஸ்டீவன் டிரோக்கலும் அவரும் 1983-இல் இதனைக் கருவிழிக்குப் பிரயோகித்து எழுதினர்.

1989-இல் கிரீஸ் நாட்டுக் கண் மருத்துவர் பல்லிகாரிஸ், கருவிழிப் படலத்தின் மேலடுக்கை மடல்போலக் கத்தியாற் கீறி, அதன் கீழே லேசரைச் செலுத்தும் லேசிக் முறையை நிகழ்த்தினார். கால் மைக்ரான் நுட்பமுள்ள கதிரையும், மடலின் கனத்திற் பல மைக்ரான் பிசகக்கூடிய கத்தியையும் ஒரே கண்ணிற் பயன்படுத்தியது விசித்திரமே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜுஹாஸும் கர்ட்ஸும் உருவாக்கிய ஃபெம்டோசெகண்டு லேசர், அக்கத்திக்கு மாற்றாக வந்தது.

டிரோக்கலுடன் சேர்ந்து 1997-இல் எக்ஸைமர் லேசர் பற்றிய நூலொன்றைத் தொகுத்த சார்ல்ஸ் மக்கீ, 1999-இல் ஆக்லாந்துப் பல்கலைக்கழகக் கண் மருத்துவப் பேராசிரியரானார். ஆனால் அந்நகரில் லேசரின் நுட்பத்திற்கு முந்திய பிரச்சினை ஒன்றுண்டு. கருவிழி மெலிந்து கூம்புபோற் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோய் நியூசிலாந்தில், சிறப்பாக மாவோரியரிடத்தும் பசிபிக் தீவினரிடத்தும், மிகுதியாகக் காணப்படுகிறது. அந்நாட்டில் கருவிழி மாற்றுச் சிகிச்சைக்கு முதன்மைக் காரணமும் அதுவே. ஆறு மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்தச் சுமார் 12 மைக்ரான் நீக்கவேண்டும் என்ற கணக்கின்படி, ஆறு டயாப்டருக்கு 72 மைக்ரானும், மடலுக்கு நூற்றுச் சொச்சமும் போக, எஞ்சிய படலமே கண்ணின் அழுத்தத்தைத் தாங்கவேண்டும். ஆரோக்கியமான கண் தாங்கும். நோய் மறைந்திருக்கும் கண்ணோ, எத்துணைத் துல்லியமாகச் செதுக்கப்பட்டாலும், பின்னாளிற் பிதுங்கிவிடக்கூடும். ஆகவே கருவிழியின் முன்பரப்பையும் பின்பரப்பையும் வரைபடமாக்கும் அளவைக் கருவியே இங்கு முதற்கருவி எனல் வேண்டும். வெட்டும் கருவி அதற்கடுத்ததே. அவ்வரைபடத்தில் நோய்க்குறி தென்படின், லேசர் திருத்தம் மறுக்கப்பட்டு, நோய் வளருமாயின், ரைபோஃப்ளேவின் சொட்டுமருந்திட்டு, எக்ஸைமரினும் நீண்ட அலைநீளமுள்ள புறஊதாக் கதிரைப் பாய்ச்சிக் கொலாஜன் இழைகளை இறுக்கும் வேறொரு சிகிச்சை அளிக்கப்படும்.