வன்பொருள் விவரணமும் கெர்னலும்: சக்தி செயலியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கும்பினியாரின் கைக்கு வந்தபோது, மலைக்கோட்டையும் அதன்கீழ்ப் பரந்த சமவெளியும் அவர்களுடையனவாயினவே தவிர, எந்தக் கிராமத்தில் நன்செய் எவ்வளவு, எந்தக் கண்மாய் எந்த வயலுக்குப் பாய்கிறது என்ற விவரம் அவர்கள் வசம் இருக்கவில்லை; அது கர்ணங்களின் கணக்கில் இருந்தது. அக்கணக்கை நம்பி நிர்வாகத்தைத் தொடங்குவதா, தாமே நிலத்தை அளந்து பார்ப்பதா என்பது புதிய ஆட்சியாளருக்கு ஏற்பட்ட முதற் பிரச்சினை. அந்நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக வந்த ஹர்டிஸ் நில அளவையை மேற்கொண்டது அதற்கு அளிக்கப்பட்ட ஒரு விடை.

மின்சாரம் பாய்ந்ததும் கணிப்பொறியின் ஆட்சியை ஏற்கும் கெர்னலின் நிலையும் இதுவே. நினைவகம் எந்த முகவரியில் தொடங்கி எதுவரை நீள்கிறது, சீரியல் போர்ட் எங்கே இருக்கிறது, எந்தச் சாதனத்தின் இன்டரப்ட் எந்த எண்ணில் வந்து சேரும், கடிகாரத்தின் வேகம் யாது என்பவற்றை அறியாமல் அது உருப்படியாக ஒரு காரியமும் செய்ய இயலாது. பிசிஐ, யுஎஸ்பி ஆகியவற்றில் கோக்கப்பட்ட சாதனங்கள் கேட்டவுடன் தம் உற்பத்தியாளர் எண்ணையும் இன எண்ணையும் தாமே சொல்லிவிடும். அங்கே அளவை சுலபம். ஆனால் செயலியோடு ஒரே சில்லில் சேர்த்து அமைக்கப்பட்ட சாதனங்களுக்குப் பெரும்பாலும் அந்த வாய் கிடையாது. அவற்றைத் தேடிக் கெர்னல் அறியாத முகவரியொன்றைத் தொட்டுப் பார்க்குமாயின், மறுமொழி வராமல் இயந்திரம் நின்றுபோகவும் கூடும். ஆகவே, எவரேனும் எழுதிக் கொடுத்த விவரணம் ஒன்று தவிர்க்க முடியாதது. அதை எழுத வேண்டியவர் யார், அதன் வடிவம் எது என்பவையே சர்ச்சைக்குரியவை. இயந்திரத்தைச் செய்தவரே எழுதியதாகவும், தானாக எதையும் செய்யாத வெறும் தரவாகவும் அது இருத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கட்சி.

ஆர்ம் செயலிகளுக்கான லினக்ஸ் நெடுநாள் இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது. பூட்லோடர் ஒரு ரெஜிஸ்டரில் இயந்திரத்தின் பதிவு எண்ணையும், மற்றொன்றில் ஏடேக்ஸ் எனப்படும் சிறு பட்டியலின் முகவரியையும் வைத்துவிட்டு விலகிக்கொள்ளும். நினைவக அளவு, கட்டளை வரி முதலிய சொற்பச் செய்திகளே பட்டியலில் இருக்கும். மற்றவை யாவும் அந்த எண்ணுக்கென்று கெர்னலுக்குள்ளேயே சி மொழியில் எழுதப்பட்டிருக்கும். எண்களுக்கான பதிவேட்டை ரஸ்ஸல் கிங் பராமரித்து வந்தார். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தாரும் என்கோர் நிறுவனத்தாரும் ஸ்ட்ராங்ஆர்ம் செயலியில் லினக்ஸை ஏற்றிச் சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியை உருவாக்கிய காலம் இம்முறை செல்வாக்கோடிருந்த காலந்தான். செயலியைத் தாங்கிய பலகைகள் சிலவாக இருந்தவரை குறை தெரியவில்லை. கைப்பேசிகள் பெருகவே, பலகையில் ஓர் இணைப்பு இடம் மாறினாலும் கெர்னலையே திருத்த வேண்டிய அவலம் வளர்ந்து, 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பகிரங்கமாகச் சினந்துகொள்ளும் அளவுக்கு முற்றிற்று. (அச்சினத்தின் பாஷையை ஓர் ஆய்விதழில் எடுத்தாள்வது உசிதமன்று.)

அதன்பின் ஆர்ம் உலகம் தழுவிக்கொண்ட டிவைஸ் ட்ரீ என்னும் சாதன மரம் அன்று பிறந்ததன்று. சன் நிறுவனத்தில் மிட்ச் பிராட்லி வகுத்த ஓப்பன் ஃபர்ம்வேர் 1994-இல் ஐஇஇஇ 1275 என்னும் தரமாயிற்று. 2005-ஐ ஒட்டிப் பவர்பிசி லினக்ஸைக் கவனித்து வந்தவர்கள் அதிலிருந்து மரத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தட்டையான ஒரே தொகுதியாக்கினர். கணுக்கள், கணுவுக்குரிய பண்புகள்: இவ்வளவுதான். 'கம்பாட்டிபிள்' என்பது சாதனத்தின் இனத்தைச் சொல்லும். 'ரெக்' அதன் முகவரியைச் சொல்லும். நிபந்தனை வாக்கியமோ சுழலோ அதில் இல்லை.

இந்த வெறுமைதான் அதன் சிறப்பு என்பதை, இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ முறையோடு ஒப்பிட்டால் உணரலாம். அதில் அட்டவணைகளோடு நிரலும் கலந்திருக்கிறது. கெர்னல் அந்நிரலைத் தனக்குள் வைத்து இயக்கியாக வேண்டும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில், தொடக்க ஆண்டுகளில், விண்டோஸும் சீடாக்கின் போஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. ஒட்டன்சத்திரத்திலோ நிலக்கோட்டையிலோ அதைத் திறந்த மாணவன் எதைத் தேர்ந்தாலும், கெர்னலுக்குக் கிடைத்தது ஒரே ஏசிபிஐ விவரணந்தான். அவ்விவரணத்துள் உள்ள நிரல், தன்னை இயக்கும் கெர்னலைப் பார்த்து 'நீ எந்த விண்டோஸ்?' என்று வினவ வழியுண்டு. லினக்ஸும் 'நான் விண்டோஸே' என்று விடை சொல்கிறது. உற்பத்தியாளர்கள் விண்டோஸைக் கொண்டே சோதித்திருப்பதால், உண்மையைச் சொன்னால் சோதிக்கப்படாத பாதையில் போய் விழ நேரும் என்ற அனுபவமே இதற்குக் காரணம். கேட்பவன் யாரென்று பார்த்துத் தன் சொல்லை மாற்றிக்கொள்ளும் ஒன்றைச் சாட்சியம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் இடம் தரவில்லை. எனினும், மின்சார நிர்வாகத்தின் நுட்பங்களை ஃபர்ம்வேர் மறைத்துக்கொள்வதால் பழைய கெர்னலும் புதிய இயந்திரத்தில் இயங்க முடிகிறது என்ற அனுகூலத்தை மறுப்பதற்கில்லை; ஆர்ம் சர்வர்களும் ஏசிபிஐயை ஏற்றது இக்காரணத்தாலேயே.

சென்னை ஐஐடியில் 2014-இல் தொடங்கிய சக்தி செயலித் திட்டம் இவ்விவாதத்தை நம் வாசலுக்குக் கொண்டுவருகிறது. பேராசிரியர் காமகோடி முதலானோரின் முயற்சியில், திறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை ஆதாரமாகக் கொண்டு உருவான இச்செயலி 2018-இல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் முறையிலும், பின்னர் சண்டிகரை அடுத்துள்ள எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டர் முறையிலும் சில்லாக வெளிவந்து, லினக்ஸையும் இயக்கிக் காட்டியது. ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸில் மரபு எளியது: ஏ0 ரெஜிஸ்டரில் ஹார்ட்டின் (செயலியுள் தனித்து இயங்கும் கட்டளை ஓட்டத்தின்) எண், ஏ1-இல் டிவைஸ் ட்ரீயின் முகவரி. இத்திட்டத்தின் வடிவமைப்புகளை, விரும்பியபடி மாற்றியமைக்கத்தக்க எஃப்பிஜிஏ பலகையில் யார் வேண்டுமாயினும் ஏற்றிப் பார்க்கலாம். ஆர்ட்டி ஏ7 பலகையில் இன்று ஒரு சீரியல் போர்ட்டைச் சேர்த்து நாளை அதை நீக்கும் கல்லூரி மாணவருக்கு, பலகை அதே பலகை, இயந்திரமோ வேறு. பலகைக்கு ஓர் எண் என்ற பழைய பதிவேடு இங்கே முற்றிலும் உதவாததாகிவிடும். வன்பொருளைத் திருத்தியவரே விவரணத்தையும் திருத்தியாக வேண்டும்.

ஆயினும் நடைமுறை கொள்கையைப் பின்தொடரவில்லை. டிவைஸ் ட்ரீகளின் மூலக் கோப்புகளுள் பெரும்பகுதி இன்றும் லினக்ஸ் மூலத்துக்குள்ளேயே வளர்கிறது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது பண்புகளும் மாறுகின்றன. இதனால் பழைய விவரணத்தோடு புதிய கெர்னல் பிணங்குவதுண்டு. சிலர் முழு மரத்தையும் சில்லின் ரோமில் பொறித்துவிட்டால் போதும் என்பர். ஆலையிலிருந்து வந்த சில்லின் ரோமில் ஒரு முகவரி பிழையாயின் அதைத் திருத்த வழியில்லை என்பதால் அதுவும் ஏற்புடைத்தன்று. ஹார்ட்டுகள், இன்டரப்ட் கட்டுப்படுத்தி, டைமர் ஆகிய சில்லின் சொந்தச் செய்திகளை மட்டும் ரோமில் வைத்து, நினைவக அளவும் வெளிச் சாதனங்களும் அடங்கிய பலகைச் செய்திகளை அழித்தெழுதத்தக்க ஃபிளாஷில் தனியே வைத்து, இரண்டையும் ஃபர்ம்வேர் ஒன்றாகத் தொகுத்துக் கெர்னலிடம் ஒப்படைப்பது, சக்தி போன்ற திறந்த வடிவமைப்புகளுக்கு இப்போதைக்குப் பொருத்தமான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.