குறள் கற்ற செருமானியர்

கெடா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றோர்க்குத் திருக்குறள் புதியதன்று. குறளைப் போற்றிய மேலைநாட்டாரைப் பற்றிக் கூறும்போது, நாம் பெரும்பாலும் போப்பின் பெயரோடு நின்றுவிடுகிறோம். போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1886இல். அதற்கு முப்பதாண்டுகள் முன்னரே குறளைச் செருமன் மொழியில் முறையாகப் பெயர்த்தவர் கார்ல் கிரௌல்.

1814இல் செருமனியின் வோர்லிட்சில் பிறந்த கிரௌல், இலைப்சிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். இத்தாலியப் பெருங்கவி தாந்தேயின் ‘நரகம்’ என்னும் பகுதியை 1843இல் செருமனில் வெளியிட்டார். மறு ஆண்டே, பின்னர் இலைப்சிக் சங்கம் எனப் பெயர்பெற்ற சமயத்தொண்டுச் சங்கத்தின் இயக்குநரானார். 1849இல் புறப்பட்டுத் தமிழகம் வந்து, தமிழைக் கற்று, 1853இல் நாடு திரும்பினார். ‘தமிழ் நூலகம்’ எனப் பொருள்படும் அவரது இலத்தீன் பெயர் கொண்ட நூல்வரிசையில், 1856இல் குறளின் செருமன் மொழிபெயர்ப்பு வந்தது. அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்றையும் மனிதனின் மூன்று குறிக்கோள்கள் என அதன் தலைப்பிலேயே குறித்தார். 1864இல் எர்லாங்கனில் அவர் மறைந்தார். குறள் மூலத்தையும் இலத்தீன் பெயர்ப்பையும் கொண்ட தொகுதி 1865இல் வெளிவந்தது.

எனினும் இவ்வறிஞர் வாழ்வில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கலாமா என்னும் வழக்கு அந்நாளில் மூண்டிருந்தது. ஆங்கிலேயத் தொண்டர் பலர் அதனை உடனே களைய வேண்டும் என்றனர். கிரௌலோ, சாதியைச் சமூக வழக்கமாகக் கொண்டு, அதனை வற்புறுத்தலால் அன்றி அறிவுரையால் மெல்ல மெல்லத் தளர்த்தலே தகும் என்றார். பிறப்பால் எல்லா உயிரும் ஒக்கும் என்னும் வள்ளுவர் வாய்மையைப் பெயர்த்த அறிஞரே இங்ஙனம் பொறுத்திருக்கச் சொன்னார். பொறுமையின் விலையைச் செலுத்தியவர் அவரல்லர், தாழ்த்தப்பட்டோரே ஆவர்.

அவரைக் குறை கூறுமுன் நம்மையும் நோக்குதல் வேண்டும். நம் முன்னோர் கடல் கடந்தபோது சாதியும் உடன் வந்தது. தோட்டத்து இலயன்களிலும் அதன் நிழல் விழுந்தது. குறள் ஒப்புவித்த வாயே சாதி வினவியதும் உண்டு.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களே, சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு மாணவன் ‘பெருமை’ அதிகாரத்தைப் பிழையின்றி ஒப்புவித்தால், பரிசு தந்து அமைந்துவிடாதீர்கள். அக்குறளின்படி நாம் நடக்கின்றோமா என்று அவன் வினவ இடந்தாருங்கள். கிரௌலின் புலமைக்கு நாம் செய்யும் நன்றியும், அவர் விட்டுச் சென்ற குறைக்கு நாம் தேடும் நிறைவும் அதுவே.