ஆர்டுயினோவில் ‘ஸ்கெட்ச்’ என்ற சொல் எப்படி வந்தது?

பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு ஆர்டுயினோ போர்டு புதுசில்லை. எல்.இ.டி. விளக்கை மினுக்க விடுவதில் தொடங்கி ரோபோ வரைக்கும் அதில்தான் கை பழகுகிறார்கள். அதில் எழுதும் நிரலுக்கு என்ன பெயர்னு கவனிச்சிருக்கீங்களா? ‘ப்ரோக்ராம்’ இல்லை, ‘ஸ்கெட்ச்’. அவற்றைச் சேமிக்கும் ஃபோல்டர் ‘ஸ்கெட்ச்புக்’. படம் வரைகிறவர்களின் சொல் சர்க்யூட் போர்டுக்குள் எப்படிப் புகுந்தது? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். அது என்னை 1980களின் எம்.ஐ.டி. மாணவர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டது.

அவர் பெயர் ஜான் மயேடா. 1966இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஜப்பானிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா டோஃபு கடை நடத்தினார். மேடைப் பேச்சுகளில் மயேடா சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. மூன்றாம் வகுப்பு ஆசிரியர், பையனுக்குக் கணக்கும் வருது, ஓவியமும் வருது என்று அப்பாவிடம் சொன்னாராம். மறுநாள் கடைக்கு வந்தவரிடம் அப்பா பெருமையாகச் சொன்னது: பையனுக்குக் கணக்கு நல்லா வருது. ஓவியம் ஒரே ராத்திரியில் காணாமல் போய்விட்டது! நம்ம வீடுகளில் இதை விளக்க வேண்டியதே இல்லை, இல்லையா?

எதிர்பார்த்தபடியே எம்.ஐ.டி.யில் மின்பொறியியலும் கணினி அறிவியலும் படித்தார். அங்கே நூலகத்தில் ஒரு மெல்லிய புத்தகம் கண்ணில் பட்டது. பால் ராண்ட் 1947இல் எழுதிய ‘தாட்ஸ் ஆன் டிசைன்’. ஐ.பி.எம். சின்னத்தை வடிவமைத்தவர் ராண்ட். கணினி நன்றாகத் தெரிந்தால் வடிவமைப்பும் வந்துவிடும் என்பதில்லை, இரண்டும் வேறு வேறு கல்வி என்பது அந்தப் புத்தகத்தில் உறைத்ததாக மயேடா எழுதியிருக்கிறார். அதே வளாகத்தில் ம்யூரியல் கூப்பர் ‘விசிபிள் லாங்வேஜ் வொர்க்‌ஷாப்’ நடத்திக்கொண்டிருந்தார். எம்.ஐ.டி. பதிப்பகத்தின் கோடு கோடான சின்னம் அவர் கைவண்ணம். எழுத்துருவும் பக்க அமைப்பும் கணினித் திரையில் என்னவாக மாறும் என்று யோசித்த முன்னோடி. அவருடைய வேலையும் மயேடாவை இழுத்தது.

முதுகலை முடித்த மயேடா, ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் போய் வடிவமைப்பில் முனைவர் பட்டம் வாங்கினார். 1996இல் எம்.ஐ.டி. மீடியா லேபுக்கு ஆசிரியராகத் திரும்பியபோது கூப்பர் இல்லை, 1994இலேயே காலமாகிவிட்டார். பால் ராண்டை மட்டும் 1996 நவம்பரில் அழைத்துவந்து பேசவைக்க முடிந்தது. அதே மாதக் கடைசியில் ராண்டும் மறைந்தார்.

என் பார்வையில் முக்கியமான திருப்பம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு மாணவன் இரண்டு துறையையும் படித்துவிட்டால் அவனுக்கு வழி பிறந்துவிடும். அடுத்த மாணவனுக்கு? அவனும் கடல் தாண்டிப் போய் முதலில் இருந்து தொடங்க வேண்டுமா? மயேடா 1999இல் வெளியிட்ட ‘டிசைன் பை நம்பர்ஸ்’ இதற்கு ஒரு பதில் முயற்சி. வடிவமைப்பு மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லித்தர அவர் உருவாக்கிய குட்டி மொழி அது. நூறுக்கு நூறு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம்தான் காகிதம். வண்ணம் கிடையாது, 0 என்றால் வெள்ளை, 100 என்றால் கறுப்பு. காகிதம், பேனா, கோடு என்பவையே கட்டளைகள். அவ்வளவுதான்!

அவருடைய மாணவர்கள் பென் ஃப்ரை, கேஸி ரீஸ் இருவரும் 2001இல் இதை விரித்து ‘ப்ராசஸிங்’ என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். ஃப்ரையும் நம்ம கதைக்குப் பொருத்தமான ஆள்தான். கார்னெகி மெலனில் வரைகலை வடிவமைப்பை முதன்மைப் பாடமாகவும் கணினி அறிவியலைத் துணைப் பாடமாகவும் எடுத்துப் படித்தவர். ப்ராசஸிங்கில் எழுதும் நிரலுக்குத்தான் ‘ஸ்கெட்ச்’ என்று பெயர் வைத்தார்கள்.

இதை வெறும் செல்லப் பெயர் என்று தள்ளிவிட முடியாது. முதலில் திட்டம், அப்புறம் கட்டமைப்பு, கடைசியில் ஓட்டிப் பார்ப்பது என்பது பொறியாளருக்குக் கற்றுத்தரும் வரிசை. ஓவியர் அப்படியா வேலை செய்கிறார்? கிறுக்குவார், தள்ளி நின்று பார்ப்பார், கிழித்துப் போடுவார், மறுபடி கிறுக்குவார். ப்ராசஸிங்கில் இரண்டு வரி எழுதி பட்டனை அழுத்தினால் உடனே திரையில் படம். பிடிக்கலையா, எண்ணை மாற்றி மறுபடி அழுத்தலாம். படம் வரைபவரின் பழக்கத்தை நிரல் எழுதும் கைக்குக் கொண்டுவந்ததுதான் இதன் சாதனை. இரண்டு துறைகள் சேர்வது என்றால் பாடத்திட்டத்தில் இரண்டு தாள் வைப்பது இல்லை, ஒன்றின் வேலைமுறை மற்றதற்குள் போவது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அங்கிருந்து ஆர்டுயினோவுக்கு வர இன்னொரு மாணவர் தேவைப்பட்டார். இத்தாலியின் இவ்ரியா ஊரிலிருந்த இடைவினை வடிவமைப்புக் கல்லூரியில் படித்த கொலம்பியர் ஹெர்னான்டோ பராகான். கேஸி ரீஸும் மாசிமோ பான்ஸியும் அவருக்கு வழிகாட்டிகள். ப்ராசஸிங் திரையில் செய்ததை மின்னணுப் பலகையில் செய்ய முடியுமா என்பது அவருடைய முதுகலை ஆய்வு. 2003இல் தொடங்கிய அந்த வேலையின் பெயர் ‘வயரிங்’. பான்ஸியும் கூட்டாளிகளும் 2005இல் அதே ஊரில் தொடங்கிய ஆர்டுயினோ, வயரிங்கின் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டது. ப்ராசஸிங்கில் இன்று ‘செட்டப்’, ‘டிரா’ என்று இருக்கும் ஜோடி, வயரிங்கில் ‘செட்டப்’, ‘லூப்’. ஆர்டுயினோவில் நம் மாணவர்கள் தினமும் அடிப்பது அதையேதான்.

ஆர்டுயினோ உலகப் புகழ் பெற்றது. பராகான் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. பின்னாளில் தன் தரப்பு வரலாற்றை அவரே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. அதனால், லேபில் ஆர்டுயினோ சொல்லித்தருகிறவர்கள் முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி ‘ஸ்கெட்ச்’ என்ற சொல்லின் கதையையும் சொல்லலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்கும் ஒருத்தர் அந்த வகுப்பிலும் இருப்பார்.