எதிர்வாதம் வளர்ந்த வகுப்பறை: இளங்கலையில் கிறித்தவச் சிந்தனை மரபு

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர், 1017இல் இராமாநுசர் பிறந்ததாக மரபு கூறும் தலம். தொழிற்பகுதியான ஒரகடம் கடந்து வண்டலூர் சாலையில் சென்றால் தாம்பரம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 முதல் அங்கே இயங்குகிறது. கிறித்தவச் சிந்தனை மரபை இளங்கலை மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது என்ற வினாவுக்குத் தமிழ்நாட்டின் விடை இந்த மூன்று இடங்களுக்கு நடுவே இருக்கிறது.

இன்று இம்மரபை முறையாகப் பயில விரும்புபவர் இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டும். அது பெரும்பாலும் திருப்பணிக்கான பயிற்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறித்தவவியல் துறை முதுகலை, ஆய்வு நிலைகளுக்கு உரியது. இளங்கலையில் மிஞ்சுவது, பல கிறித்தவக் கல்லூரிகளின் வழக்கப்படி, கிறித்தவ மாணவருக்கு வேத வகுப்பு, ஏனையோருக்கு அறநெறி வகுப்பு என்ற பிரிவினைதான். இப்பிரிவினையை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் இம்மரபு செழித்தது இரு சாராரும் ஒரே வகுப்பில் அமர்ந்து வாதிட்டபோதுதான்.

ஏ. ஜி. ஹாக் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். கர்மக் கொள்கையையும் மீட்பையும் எதிரெதிரே வைத்து அவர் எழுதியது முதலில் கல்லூரி இதழில் தொடராகவும் 1909இல் நூலாகவும் வந்தது. அவரிடம் பயின்ற ச. இராதாகிருஷ்ணன், வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்து எழுதிய ஆய்வேடு 1908இல் வெளியானது. அது முதுகலைக்காக எழுதப்பட்டது என்பது உண்மை. ஆனால் அவர் இளங்கலை படித்ததும் அதே கல்லூரியில்தான். தன் நம்பிக்கை விசாரிக்கப்படுவதைக் கேட்ட மாணவர், தன் சமய மரபையே ஆழ்ந்து கற்றுப் பதில் சொன்னார்.

இராமாநுசரின் ஊருக்கு அருகில் வாழும் மாணவர் முதலில் எடுக்க வேண்டியது ஏ. ஜே. அப்பாசாமியின் எழுத்து. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான அவர், நான்காம் நற்செய்தியையும் பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தார். உலகும் உயிர்களும் இறைவனுக்கு உடல், அவன் அவற்றுள் உறையும் அந்தர்யாமி என்ற இராமாநுசர் கொள்கை, அப்பாசாமிக்கு அந்நற்செய்தியைத் திறந்து காட்டியது. தந்தையும் மகனும் ஒன்று என்னும்போது, அது தத்துவ நிலையில் இருவரும் ஒரே பொருள் என்பதாகாது. அன்பிலும் செயலிலும் ஒன்றித்திருப்பதே என்று அவர் விளக்கினார். அத்வைதத்தை மறுத்த விசிஷ்டாத்வைத மனம் இங்கே கிறித்தவ நூலுக்கு உரை எழுதுகிறது. பழைய கிரேக்கத் திருச்சபையின் கிறித்தியல் விவாதங்களை இதன் வழியே அறிமுகப்படுத்தினால், அவை மாணவருக்கு அந்நியமாகத் தோன்றா.

இவ்வாசிப்பில் சிலுவையின் கனம் குறைந்துபோகிறது என்பது என் மதிப்பீடு. அக்குறையை நிரப்பும் எழுத்து வி. சக்கரையுடையது. கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1903இல் திருமுழுக்குப் பெற்ற அவர், சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றி 1932இல் நூல் வெளியிட்டார்; சென்னை மேயராகவும் ஏ.ஐ.டி.யு.சி. தலைவராகவும் இருந்தார். இறையியல் எழுதிய அதே கை தொழிற்சங்கப் பணியும் செய்தது. கூலியையும் சங்க உரிமையையும் நேரில் அறிந்த ஒரகடத்து இளைஞருக்கு அவரை இறையியலராக மட்டும் காட்டுவது பாதிப் பாடமே.

மூலமொழிகள் தெரியாத இளங்கலை மாணவருக்கு இதெல்லாம் மிகை என்று ஒரு தடை எழலாம். கிரேக்கம் தெரியாதவரும் மேலைத் தத்துவ வரலாற்றைப் பட்டப் படிப்பில் பயில்கிறார்கள். இங்கோ மாணவருக்குப் பக்தி மரபு தாய்மொழியிலேயே கிடைக்கிறது. வைணவக் குடியில் பிறந்து கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறித்தவக் காப்பியம் 1894இலேயே அச்சேறிவிட்டது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் இம்மரபை எல்லாச் சமயத்தவரும் சேர்ந்து பயிலும், தேர்வுக்குரிய தத்துவத் தாளாகத் தமிழிலேயே வைக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியிலும் அத்தாள் இடம்பெறட்டும். வல்லம் வடகாலில் வேலை முடித்துப் படிக்க விரும்புபவருக்கு வேறு வழியில்லை.