ஒட்சிசன் சென்சரை மாற்ற முன்: பழைய லொறிக்காரர் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். திருகோணமலையில் கொட்பேயிலிருந்து மீன் ஏற்றும் சின்ன லொறிகளும், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மரக்கறி கொண்டுபோகும் வாகனங்களும் இன்னும் அப்படித்தான் ஓடுகின்றன. அவற்றில் பெற்றோலில் ஓடுபவற்றுக்கு 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்தால், கராஜ்களில் நான் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்றுதான்: "ஒட்சிசன் சென்சர் போயிட்டு, மாத்தணும்." பல நேரம் அது சரி. ஆனால் பழுதில்லாத சென்சரைக் கழற்றி எறிவதும் நடக்கிறது. மீன் லொறி ஓட்டுபவருக்கு அது பல நாள் உழைப்பு.

முதலில் உங்கள் வாகனத்தில் இந்தச் சென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டீசல் லொறிகளில் பெரும்பாலும் இல்லை. அவை கரும்புகை தள்ளினால் எயார் பில்டர், இன்ஜெக்டர், டீசல் பம்ப் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். காபரேற்றர் உள்ள பழைய பெற்றோல் வாகனங்கள் பலவற்றிலும் இது கிடையாது. கணினி கட்டுப்படுத்தும் பெற்றோல் எஞ்சின்களில் மட்டும் சைலன்சர் குழாயின் முன்பகுதியில், வயரோடு கூடிய ஸ்பார்க் பிளக் போல இது திருகப்பட்டிருக்கும். சில வாகனங்களில் புகை வடிகட்டும் ஊக்கி மாற்றிக்குப் பின்னால் இரண்டாவது ஒன்றும் உண்டு.

அது செய்யும் வேலை

ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. எரிந்தபின் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்பதைச் சென்சர் கணினிக்குச் சொல்லும். 1976இல் பொஷ் நிறுவனம் முதன்முதலில் வொல்வோ கார்களுக்கு வழங்கிய இந்தத் தொழில்நுட்பம் இன்றும் அடிப்படையில் மாறவில்லை. புகையில் ஒட்சிசன் கூடினால் 0.1 வோல்ற் அளவிலும், குறைந்தால் 0.9 வோல்ற் அளவிலும் மின்னழுத்தம் வரும். அதைப் பார்த்துக் கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும். சென்சர் ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு சிறிய ஹீற்றரும் இருக்கும்.

சென்சர் பழுதானால் பெற்றோல் கூடக் குடிக்கும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எல்லை தாண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஊக்கி மாற்றியும் சூடேறிப் பழுதாகும்.

உண்மையைச் சொல்லும் சென்சர்

ஸ்கேனரில் 'எரிபொருள் குறைவு' என்று காட்டினால், சென்சர் பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. கடலோரத்தில் இதற்குப் பொதுவான ஒரு காரணம் துரு. உப்புக் காற்றும், பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் சைலன்சர் குழாயை அரிக்கும். சென்சருக்கு முன்னால் சின்ன ஓட்டை விழுந்தால் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போகும். சென்சர் அதை மிஞ்சிய ஒட்சிசன் என்று அறிவிக்கும், கணினி தேவையில்லாமல் பெற்றோலைக் கூட்டும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும், எஞ்சினின் ரப்பர் குழாய் வெடித்துக் காற்று இழுத்தாலும் அறிகுறி இதுவேதான். அங்கே புதுச் சென்சர் போட்டாலும் விளக்கு திரும்ப எரியும்.

ஆகவே மெக்கானிக்கிடம் மூன்று சோதனை கேளுங்கள்.

• எஞ்சின் சூடானபின் 2,500 சுற்றில் வைத்து வோல்ற் பார்க்கவும். 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கினால் சென்சர் உயிரோடு இருக்கிறது.

• கீழேயே நின்றால், காற்று உள்ளே போகும் குழாயில் கொஞ்சம் காபரேற்றர் கிளீனர் அடிக்கவும். உடனே வோல்ற் ஏறினால் சென்சர் நல்லது, கோளாறு வேறிடம். சூடான எஞ்சினில் இது தீப்பிடிக்கக்கூடியது. அனுபவமுள்ளவர்தான் செய்ய வேண்டும்.

• ஹீற்றர் பழுது என்று கோட் வந்தால் முதலில் பியூஸ். பிறகு பிளக்கைக் கழற்றி, ஹீற்றரின் இரண்டு வயர்களிலும் (பொதுவாக ஒரே நிறம்) தடையை அளக்கவும். சில ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஹீற்றர் அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

கழற்றியதன் நிறமும் பேசும். கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். வெள்ளைப் படிவு என்றால் ரேடியேற்றர் திரவம் எரிகிறது, அல்லது யாரோ சிலிக்கன் பசை பூசியிருக்கிறார்கள். ஓட்டம் கூடிய எஞ்சின் ஒயில் எரித்தால் அதுவும் படியும். காரணத்தைத் திருத்தாமல் போட்டால் புதியதும் கெடும்.

மாற்றும்போது

துருப்பிடித்த சென்சருக்கு முதல் நாளே துரு இளக்கும் ஒயில் விடுங்கள். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது 22 மில்லிமீற்றர் சொக்கற்றால் கழற்றுவது நல்லது. புரியைச் சுத்தம் செய்து, அதற்கென்று விற்கும் கிறீஸைப் புரியில் மட்டும் பூசுங்கள், முனையில் படக்கூடாது. பொது ரகச் சென்சர் வாங்கினால் வயரை ஈயம் வைத்து ஒட்டாமல் கிளிப்பால் இறுக்க வேண்டும். பல சென்சர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயரின் உள்வழியாகத்தான் எடுக்கின்றன, ஈயம் அந்த வழியை அடைத்துவிடும்.

பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பழைய சென்சர் விலை குறைவுதான். ஆனால் தேயும் பாகத்தைத் தேய்ந்தபின் வாங்குகிறோம். பிராண்டை விட வயர் எண்ணிக்கையும் வாகன மொடலும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

கராஜுக்குப் போகும்போது "சென்சரை மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். "சென்சர் என்ன சொல்லுது என்று பாருங்க" என்று கேளுங்கள். குழாயில் உள்ள ஓட்டையை வெல்டிங் செய்ய ஆகும் செலவு, புதுச் சென்சரின் விலைக்குக் கிட்டவும் வராது.