எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

கிள்ளானில் புத்தகம் விற்கும் அண்ணன் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு கூப்பிட்டார். "தம்பி, ஆன்லைன் கடை போட்டாச்சு. விலைப்பட்டியல் எல்லாத்தையும் பிடிஎப்பா ஏத்தியாச்சு. கூகள்ல தேடினா ஒண்ணும் வரமாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

கொமுட்டர் ரயில் பிடித்துப் போனேன். மொத்தம் பதினொரு பிடிஎப். அவற்றில் ஒன்றின் நாலாம் பக்கத்தில், எழுபதுகளில் அச்சான தோட்டப்புற நாவல் ஒன்று இருந்தது. பினாங்கில் ஆய்வு செய்யும் ஒரு மாணவி இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த நாவல் அது. என்னிடமும் கேட்டிருந்தார், பிரதியே இல்லை என்று நானும் சொல்லியிருந்தேன். இங்கே அலமாரியில் ஒன்பது பிரதிகள் தூசி பிடித்துக் கிடந்தன.

பிடிஎப்பில் 'அம்மா' என்று வந்த ஒரு சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஐந்தும் ஆங்கில விசைப்பலகைக் குறிகள். பாமினி எழுத்துருவின் வேலை. நம் கண்ணுக்கு அது அம்மா. கூகளுக்கு அர்த்தமில்லாத ஐந்து குறி. அந்த நாவலின் பெயரைத் தமிழில் தட்டித் தேடுகிறவருக்கு இந்தப் பட்டியல் எப்படி அகப்படும்?

கதை 1991-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில்தான் அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக், 'கேமலாட்' என்ற பெயரில் ஒரு திட்டக்குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது அவர் கவலை. அதிலிருந்து பிறந்த பிடிஎப் 1993-இல் வெளிவந்தது. அதே 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பும் வந்தது. அதில் தமிழும் இருந்தது. பக்கம் எப்படித் தெரிகிறது என்பது பிடிஎப்பின் கேள்வி. எழுத்து எது என்பது யூனிகோடின் கேள்வி. நாம் முதலாவதை ஓடிப்போய் எடுத்துக்கொண்டோம், இரண்டாவதை வாசலிலேயே நிற்க வைத்தோம்.

அதற்குக் காரணமும் இருந்தது. தொண்ணூறுகளில் இணையத்தில் தமிழ் படிக்க ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு இறக்க வேண்டும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, நம் ஊரில் முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் என்று ஆளுக்கொரு பக்கம் வழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் குறியேற்றம் மாறி மாறி யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு டாம், டாப் என்று இரண்டு தரங்களைத் தந்தது. டிஸ்கி வேறு இருந்தது. இத்தனை குழப்பத்தில், எழுத்துருவைத் தன் வயிற்றிலேயே சுமந்து வரும் பிடிஎப், பதிப்பாளருக்குக் குலதெய்வம் மாதிரி. பேஜ்மேக்கரில் பாமினியில் கோத்தார்கள், பிடிஎப் ஆக்கினார்கள், முடிந்தது வேலை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது.

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதே ஆண்டில்தான் கூகள் பிடிஎப் கோப்புகளைப் படித்து அட்டவணைப்படுத்தத் தொடங்கியது. விற்பனை உலகம் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. கையேடு, விலைப்பட்டியல் என்று இயந்திரச் சாமான் விற்பவர்கள் எல்லாம் பிடிஎப் ஏற்றி, தேடுகிறவரைக் கடைக்குள் இழுத்தார்கள். தமிழ்க் கடைக்காரரும் ஏற்றினார், ஆனால் கூகளுக்கு அவர் பேசியது புரியவில்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்க 2010 ஆயிற்று.

யூனிகோடில் கோத்தால் மட்டும் தீர்ந்துவிடாது என்பது எரிச்சலான விஷயம். 'கொ' என்று எழுத நம் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம்தான் முதலில். பிடிஎப் சேமிப்பதோ வரைந்த வடிவங்களையும் அவற்றின் இடங்களையும். எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை உள்ளே சரியாக இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். 'கொடி' தேடுபவருக்குக் கொடி கிடைக்காது. ஸ்கேன் செய்து போட்ட பிடிஎப்பில் எழுத்தே கிடையாது, படம்தான்.

அண்ணனோடு மூன்று வார இறுதிகள் உட்கார்ந்தேன். பாமினியை மாற்றி மூலம் கொண்டு யூனிகோடாக்கினோம். கோப்பு விவரத்தில் 'புதுசு பைனல் 3' என்று கிடந்த தலைப்பை எடுத்துவிட்டு, ஆசிரியர் பெயரும் நூல் வகையும் வைத்தோம். ஒவ்வொரு நூலுக்கும் கடையில் தனிப் பக்கம் போட்டு, பிடிஎப்பிலிருந்து அதற்கு இணைப்பும் கொடுத்தோம். பிடிஎப்பில் வாங்கும் பொத்தான் கிடையாதே. தேடி வந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்.

"இவ்வளவும் பண்ணி எத்தனை பேர் வாங்குவாங்க?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த மாணவியே செய்தி அனுப்பினார், கூகளில் வந்ததாக. தனக்கொன்று, பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்று என இரண்டு பிரதி வாங்கினார். தபால் செலவு எட்டு வெள்ளி. பதினொரு பட்டியலில் நாங்கள் மாற்றி முடித்தவை ஆறுதான். மீதி ஐந்தில் என்னென்ன நாவல்கள் இருக்கின்றன என்று அண்ணனுக்கே முழுசாக நினைவில்லை.